தோம்பும் தவக்குலும்



நம்முடைய சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில் கேஸ் தோம்பு நிற்கும் கோலத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு வார்த்தை சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு பாய், அல்லாஹ் காப்பாத்துவான்." இந்தப் பதிலில் ஈமானின் வாசனை இருப்பதால் மேற்கொண்டு பேச யாருக்கும் நா எழுவதில்லை. பேசினால் அல்லாஹ்வின் பாதுகாப்பையே சந்தேகித்தவன் போல ஆகிவிடுமோ என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை மார்க்கத்தின் தராசில் வைத்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், கல்லாவில் உட்கார்ந்து கண்டதுமே என் கைமுதல்.

தவக்குல் என்பது கல்பின் அமல்களில் மிக உயர்ந்தது. அதைக் குறைத்துப் பேச எந்த முஸ்லிமுக்கும் வாய் வராது. நான் கேட்பது வேறு. ஒருவன் தன் பொருளையும் தன் உயிரையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மேல்மாடியில் தூங்குகிற சிப்பந்தியின் உயிரையும், பொதுச்சுவருக்கு அப்பால் இருக்கிற துணிக்கடைக்காரரின் முதலையும், ரொட்டி சானாய் வாங்க வந்த பிள்ளையின் உயிரையும், அவர்களைக் கேளாமலே அவர்கள் சார்பில் ஒப்படைத்துவிட இவனுக்கு வக்காலத்துக் கொடுத்தவர் யார்?

முதலில் தோம்புக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். ஒரு பொருளைப் பொறுப்பேற்று வைக்கிறவன், அது இன்ன பொருள் என்று அறியாமல் அதைக் காப்பது எப்படி? வீட்டுக்கு வரும் 14 கிலோ தோம்பிலும், பெரிய கடைகளுக்கு வரும் 50 கிலோ தோம்பிலும் இருப்பவை புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்கள். அழுத்தத்தினால் அவை திரவமாக நிற்கின்றன. தோம்பை அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்புவது போலத் தோன்றுவது அதனால்தான். அழுத்தம் விட்டுப்போனால் ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும். அந்த வாயு காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். சூட்டில் திரவம் பெருக இடம் வேண்டும் என்பதற்காகத் தோம்பை முழுவதும் நிரப்பாமல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்துகிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடுவதற்கு ஒரு பாதுகாப்பு வால்வும் உண்டு. தோம்பு நிமிர்ந்து நின்றால்தான் அந்த வால்வுக்குக் கீழே வாயு இருக்கும். படுத்துவிட்டால் அங்கே திரவம் வந்து நிற்கும்.

இதில் நம்மவர் அதிகம் அறியாத குணம் அதன் கனம். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி வாயுக் குழாய் வெடித்து வானளாவ நெருப்பு எழுந்ததை நாம் மறக்கவில்லை. அந்தக் குழாயில் போகும் வாயு வேறு இனம். அது காற்றைவிட இலேசு, வெளியே வந்தால் மேலே போகும். நம் தோம்பில் இருப்பதோ காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து, படியிறங்கி, சாக்கடைக்குள் புகுந்து, பள்ளமான இடத்தில் தேங்கிக் கிடக்கும். தலைக்கு மேலே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்வதில் பயன் குறைவு. வழி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். சாக்கடையின் ஓரத்தில் தோம்பை நிறுத்தினால், கசிந்த வாயு அந்தச் சாக்கடை வழியாகவே நாலு கடை தாண்டிப் போய் வேறொருவரின் அடுப்பில் பற்றிக்கொள்ளக் கூடும். கசிவு நம்முடையது, நெருப்பு இன்னொருவர் வீட்டில்! இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த வாயுவுக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்க்காப்டான் என்ற துர்நாற்றப் பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். ஆனால் அந்த நாற்றத்திலேயே நின்று வேலை செய்கிறவனுடைய மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய் உணர்வதை விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வருகிற வாடிக்கைக்காரர், "என்ன பாய், கேஸ் வாடை அடிக்குதே" என்கிறார். உள்ளே இருக்கிற சமையற்காரர், "ஒண்ணுமில்லையே" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வெளியிலிருந்து வந்தவருடைய மூக்கையே நம்ப வேண்டும். இருபது வருஷப் பழக்கத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஹிஜ்ரி 1417 துல்ஹஜ் பிறை 8, அதாவது 1997 ஏப்ரல் 15ஆம் தேதி, மினாவில் நடந்ததை ஹாஜிமார்கள் இன்றும் சொல்லுவார்கள். லப்பைக் சொல்லிக்கொண்டு வந்து கூடாரங்களில் தங்கியிருந்த கூட்டம். சமையல் கேஸிலிருந்து தீ எழுந்ததாகச் சொல்லப்பட்டது. பலத்த காற்றில் அது கூடாரத்துக்குக் கூடாரம் தாவிற்று. சுமார் 70,000 கூடாரங்கள் சாம்பலாயின. 343 பேர் வபாத்தானார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளைச் சேர்ந்தவர்களே அதிகம். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதற்கு முன் 1975 டிசம்பரிலும் ஹஜ்ஜுக் காலத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் வெடித்துத் தீப் பரவி, சுமார் 200 பேர் மாண்டதுண்டு. அந்த 343 பேரில் எத்தனை பேர் அடுப்பு வைத்திருந்தார்கள்? பெரும்பாலோர் அடுப்பைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் பசிக்கு ஆகாரம் சமைக்க நினைத்தார். அது ஹலாலான காரியம். வேறு யாரோ மாண்டார்கள்.

அதன்பின் சவூதி அரசாங்கம் மினாவில் தீப்பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்களை நிரந்தரமாக அமைத்து, தண்ணீர் தெளிக்கும் கருவிகளையும் வைத்து, ஹாஜிகள் கேஸ் சிலிண்டர் கொண்டுவருவதையும் தடுத்துவிட்டது. அல்லாஹ்வின் விருந்தாளிகள் தங்குகிற இடத்தில், அல்லாஹ்வின் பாதுகாப்பு இருக்கும்போது, தீப்பற்றாத துணி எதற்கு என்று அங்கே எந்த ஆலிமும் கேட்டதாகத் தெரியவில்லை. மினாவில் தவக்குலுக்குக் குறைவில்லாத ஏற்பாடு, நம் கடையின் பின்கட்டில் மட்டும் ஈமான் குறைவாகி விடுமோ?

இது நம் சமுதாயத்தாருக்கு மட்டும் வருவதும் அல்ல. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்திவைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து கோயில் யாத்திரைக்கு வந்த மக்கள் அதில் இருந்தார்கள். ரயிலில் கொண்டுபோகக் கூடாத கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து உள்ளே அடுப்பு மூட்டியதே காரணம் என்று ரயில்வேத் துறை அறிவித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். கூட வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அடுப்பை மூட்டியிருக்கலாம். நெருப்பு நிய்யத்தைக் கேட்பதில்லை.

இனித் தவக்குலுக்கு வருவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டாமல் விட்டு வைக்கவா என்று கேட்ட நாட்டுப்புறத்தாருக்கு, முதலில் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி எல்லா வஅளுகளிலும் கேட்டுக் காது புளித்த செய்திதான். ஆனால் அதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஒட்டகம் அவருடையது. அவிழ்ந்து ஓடிவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமே. தன் நஷ்டம் தன்னோடு நிற்கிற இடத்திலேயே கட்டு என்று உத்தரவானால், அவிழ்ந்தால் அண்டை வீட்டாரை மிதித்துக் கொல்லக் கூடிய ஒட்டகத்துக்கு என்ன உத்தரவு இருக்கும்? தோம்பு அப்படிப்பட்ட ஒட்டகம். அதைச் சங்கிலியால் சுவரோடு பிணைப்பது ஒரு பழக்கமாக வர வேண்டும். உயரமும் கனமும் உள்ள 50 கிலோ தோம்பு சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால், பிறகு யாரும் அடக்க முடியாது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்கள் மீதே எரிந்து விழுந்தது. அந்தச் செய்தி நபியவர்களுக்கு எட்டியபோது, அது விதி என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நெருப்பு உங்களுக்குப் பகைவன், தூங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் உபதேசம் செய்தார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துக்கொண்டு போய் வீட்டையே எரித்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் வருகிறது. இன்றைய எலிக்குத் திரி கிடைப்பதில்லை. ரப்பர் குழாய் கிடைக்கிறது. மாவும் எண்ணெயும் சிந்திய அடுக்களையில் எலி எந்தக் குழாயை எப்போது கடித்தது என்று யாருக்குத் தெரியும்? இரவில் கடை சாத்தும்போது அடுப்பின் திருகை மட்டும் மூடிவிட்டுத் தோம்பின் வாயைத் திறந்தபடி விட்டுப் போனால், அந்தக் குழாய் முழுவதும் இரவெல்லாம் வாயு நிறைந்து நிற்கிறது. தோம்பின் வாயை மூடுவதே, தூங்குமுன் நெருப்பை அணைப்பதற்கு இக்காலத்துப் பொருள் என்று நான் கருதுகிறேன். ஆலிம்கள் வேறு விதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

நம்மில் வேறொரு சமாதானமும் உலவுகிறது. "நகராட்சி லைசென்ஸ் கொடுத்திருக்கு, போம்பா வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க, அப்புறம் என்ன?" என்பது அது. இதற்கு நம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் ஓர் அழகான சட்டம் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், கூரைத் தண்ணீர் விழுவதற்கான பீலியைப் பொதுத் தெருப் பக்கமாக நீட்டி வைப்பது ஆகுமானது என்று வருகிறது. ஆனால் அது விழுந்து ஏதேனும் சேதமானால், வைத்தவர் மீதே ஈடு கொடுக்கும் கடமை விழுகிறது என்றும் உடனே வருகிறது. அனுமதி வேறு, பொறுப்பு வேறு. செய்யலாம் என்பதனால் நேர்ந்ததற்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. தெருவும் அதில் நடப்பவனும் எல்லாருக்கும் உரிய ஹக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் ஜார்ஜ்டவுன் ஐந்தடி நடைபாதைகளில் நிற்கும் தோம்புகள்தான் என் நினைவுக்கு வருகின்றன. வெயிலில் நிற்கின்றன, மோட்டார் சைக்கிள் இடிக்கின்ற இடத்தில் நிற்கின்றன, பக்கத்தில் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். மேலே மரத்தளம், பக்கத்தில் பொதுச்சுவர், வரிசையாகக் கடைவீடுகள். ஒன்று பற்றினால் அது ஒருவருடைய நெருப்பாக நிற்பதில்லை.

அதே பிக்ஹில், தன் நிலத்தில் வழக்கம்போல் தீ மூட்டியவன் மீது குற்றமில்லை, ஆனால் பலத்த காற்று வீசும்போது மூட்டி அது பிறர் சொத்துக்குப் பரவினால் அவனே ஈடு செய்ய வேண்டும் என்றும் ஓதியிருக்கிறோம். அவனுடைய நிலம்தான், அவனுடைய விறகுதான். ஆனால் காற்றை அறிந்தும் மூட்டினானே! தரையோடு ஊரும் வாயுவின் குணத்தை அறிந்த பிறகு, நமக்கும் அந்தக் காற்றை அறியோம் என்று சொல்லும் வழி அடைபட்டுப் போகிறது. இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இனி அதைச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டதற்கு என்னை மன்னிக்கவும்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது சிப்பந்திகளின் விஷயம். நம் கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் இராமநாதபுரத்திலிருந்தும், வங்காள தேசத்திலிருந்தும், இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தோம்பில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எந்த பாஷையில் இருந்தாலும் அவர்களில் சிலருக்கு வாசிக்கத் தெரியாது. பகலில் அந்தத் தோம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இரவில் அதற்கு நேர் மேலே தூங்குகிறார்கள். ஒரு முதலாளியிடம் இதைப் பற்றிப் பிரஸ்தாபித்தால், "அவனுக்கே தெரியும், தெரிஞ்சுதான் வேலைக்கு வந்தான்" என்கிறார். இந்த சம்மதத்தைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குக் கொடுத்து, பெர்மிட் முதலாளி பெயரில் இருக்கிற ஒருவன், "முதலாளி, இந்தக் குழாய் வெடித்திருக்கிறது, மாற்றினால்தான் அடுப்புப் பற்றவைப்பேன்" என்று சொல்ல முடியுமா? வாய்விட்டு மறுக்க முடியாதவனுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது வியாபாரக் கணக்கில் செல்லலாம். மறுமைக் கணக்கில் அந்த வரி எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வியாபாரத்தில் ஒரு பொருளை விற்கும்போதே இருபுறமும் மனம் ஒப்ப வேண்டும் என்கிறது மார்க்கம். உயிரை ஈடு வைக்கும்போது அதைவிடக் குறைந்த ஒப்புதல் போதுமா?

ஆகவே சிப்பந்திக்கு அவன் பாஷையில் சொல்லித் தர வேண்டியது முதலாளியின் கடன். சொல்ல வேண்டியது அதிகமில்லை. வாடை அடித்தால் தோம்பின் வாயை மூடு, கதவுகளைத் திற, விளக்குச் சுவிட்சையும் விசிறிச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஏனென்றால் இரண்டிலும் பொறி வரும், எல்லாரையும் வெளியேற்று, வெளியே வந்தபிறகு 999ஐக் கூப்பிடு. கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார். தீக்குச்சியைக் கிட்டே கொண்டு போகாதே. தோம்பின் வாயிலேயே தீ எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூட முடியாத நிலையில் அந்தத் தீயை மட்டும் அணைத்துவிடாதே. அணைத்தால் எரியாத வாயு பெருகி நிரம்பி, அடுத்த பொறியில் கட்டடத்தையே தூக்கிவிடும். தோம்பைச் சுற்றி நெருப்புச் சூழ்ந்துவிட்டால் ஓடிவிடு. தோம்பைக் காப்பாற்ற நிற்காதே. உள்ளே திரவம் இருக்கிற பாகம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கிற வெற்று இரும்பு பழுத்து இளகிப் பிளந்துவிடும். கல்லாப்பெட்டியை எடுக்கத் திரும்பி வராதே என்பதையும் முதலாளி தன் வாயாலேயே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் விசுவாசமுள்ள சிப்பந்தி திரும்பி வருவான். அதுதான் பயங்கரம்.

இனிக் காசு விஷயம். பெரிய அடுப்புக்கு வேகமாக வாயு எடுக்கும்போது தோம்பு குளிர்ந்துபோய் வெளியே பனி பூக்கிறது. அழுத்தம் குறைந்து அடுப்பு சோர்கிறது. உடனே சில கடைகளில் தோம்பின் மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள்; சிலர் வெந்நீர்த் தொட்டியிலேயே நிறுத்துகிறார்கள்; சிலர் கடைசிச் சொட்டும் வரட்டும் என்று படுக்க வைக்கிறார்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் ஓடி வந்து, அடுப்பில் ஆள் உயரத்துக்குச் சுவாலை எழும். இதில் மிச்சப்படுவது என்ன? இரண்டு குவளைத் தே தாரிக்கின் விலைகூட இராது. வீண்விரயம் ஹராம் என்ற நல்ல பாடத்தைத் தப்பான இடத்தில் ஓதுவது இது. அடிக்கடி பனி பூத்தால் தோம்பு அந்த அடுப்புக்குப் போதவில்லை என்று அர்த்தம். பெரிய தோம்போ, இணைத்த தோம்புகளோ வைத்து, முறையாகத் தெரிந்தவரைக் கொண்டு குழாய் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிடக் கேடானது ஒன்று உண்டு. அரசாங்க மானியத்தில் வரும் 14 கிலோ தோம்பிலிருந்து 50 கிலோ தோம்புக்குக் கள்ளத்தனமாக வாயு மாற்றி விற்கிற தொழில் இந்நாட்டில் அவ்வப்போது பிடிபடுகிறது. 1961ஆம் ஆண்டின் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கிறார்கள். மானியம் ஏழைக்கு உரிய ஹக்கு என்பதால் அது திருட்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். மாற்றுகிறவனிடம் சரியான அளவு பார்க்கும் கருவி கிடையாது. திரவம் பெருக விட வேண்டிய இடத்தை விடாமல் நிரப்பிவிடுகிறான். அந்தத் தோம்பு பகல் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று மேலே படித்ததை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தோம்பு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிற கடைக்காரர், தான் திருடவில்லை, வாங்கத்தான் செய்தேன் என்கிறார். சந்தை விலைக்குக் கீழே வந்த சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காத வியாபாரி நம்மில் யாராவது இருக்கிறாரா? அரிசி மூட்டைக்குக் கேட்கிறோம், துணிக்குக் கேட்கிறோம். தோம்புக்கு மட்டும் கேட்க மறந்துபோகிறது.

தோம்பு விற்கிற மளிகைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொன்னதும் நமக்குத் தெரியும். முத்திரை உடைந்த தோம்பும், வால்வு தேய்ந்த தோம்பும், துருப்பிடித்த அடிவளையமும் அந்த ஈரத் தானியமே. காலித் தோம்பு என்று சொல்லப்படுவதிலும் வாயு மிச்சம் இருக்கும். அதை உருட்டியடிக்காமல், நிறைந்த தோம்புக்குரிய மரியாதையோடே நிறுத்த வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிவிடும் பையன், ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்ததா என்று சோப்புத் தண்ணீர் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். தனியாக இருக்கும் வயதான மூதாட்டியின் வீட்டில் அந்த இரண்டு நிமிஷம் ஒரு ஸதகா. சிங்கப்பூரிலும் இதே கதைதான். அடுக்குமாடியில் மேலும் கீழும் ஆட்கள் இருப்பதால் கவலை இன்னும் அதிகம்.

இதையெல்லாம் கேட்டு, "இப்படிப் பயந்தால் கடையே நடத்த முடியாது, இது வஸ்வாஸ்" என்று சொல்பவரும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒளூச் செய்துவிட்டு, நனைந்ததோ இல்லையோ என்று பத்துத் தரம் கழுவுகிறவரைப் போல, நாள் முழுவதும் தோம்பையே பார்த்துக்கொண்டு ஒருவர் வியாபாரம் செய்ய முடியாது. உலகத்தில் அபாயம் அற்ற தொழில் எது? வாடகை ஏறுகிறது, சாமான் விலை ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை. சிறு வியாபாரிக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் கணக்கு. இதை மறுக்கிறவர் கடையில் உட்கார்ந்து பார்த்தவர் அல்லர். என் அபிப்பிராயம் இது: வஸ்வாஸ் என்பது அறிகுறி ஏதும் இல்லாமல் சந்தேகப்படுவது. வெடித்த ரப்பரும், தளர்ந்த கிளிப்பும், சாய்ந்து நிற்கும் தோம்பும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். தெரிகிற ஒன்றைத் தெரியாதது போல விட்டுவிடுவதற்கு வஸ்வாஸை விலக்குவது என்று பெயர் சூட்ட முடியாது. செலவும் நாம் பயப்படுகிற அளவு இல்லை. ஒரு சங்கிலி, ஒரு நல்ல குழாய், இரண்டு கிளிப்பு, தீயணைப்புக் கருவி ஒன்று. நமது சங்கம் மொத்தமாக வாங்கி, அங்கத்தினர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுத்தால் இன்னும் குறையும். நிர்வாகஸ்தர்கள் யோசிப்பார்களாக. மீலாது விழாப் பந்தலுக்குக் கந்தூரி சமைக்கும் இடத்தில், தோம்புகளைப் பந்தல் துணிக்கு எட்டத்தில், ஆட்கள் நடக்காத பக்கத்தில் வைப்பதையும் இவ்வருஷமே தொடங்கலாம்.

கடைசியாக ஜும்ஆ விஷயம். வெள்ளிக்கிழமை பாங்கு நேரம் நெருங்கும்போது, நாசி கண்டார் கடைகளில் குழம்புச் சட்டியும் பிரியாணித் தேக்சாவும் சிறு தீயில் கிடக்க, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரும் பள்ளிக்கு ஓடுவதைப் பார்க்கிறோம். தொழுகைக்கு ஓடுகிறவர்களைக் குறை சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் நம் முன்னோர்களான பிக்ஹு உலமாக்கள் இதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜமாஅத்தை விட அனுமதி தரும் காரணங்களை எழுதும்போது, தந்தூர் அடுப்பில் ரொட்டி இருந்து அல்லது நெருப்பின் மேல் சட்டி இருந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாவிட்டால், அது கெட்டுப்போகும் என்ற பயமும் ஒரு காரணம்தான் என்று எழுதியிருக்கிறார்கள். ஜமாஅத்தை விடுவதற்காகவே வேண்டுமென்று அப்படிச் செய்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. சட்டியில் இருக்கிற உணவுக்கே இவ்வளவு மதிப்புக் கொடுத்தவர்கள், மேல்மாடியில் சுகமில்லாமல் படுத்திருக்கும் சிப்பந்தியின் உயிருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள்! நம்முடைய நிலைமையில் தங்க வேண்டிய அவசியமும் இல்லை. பாங்கு எப்போது என்று காலையிலேயே நமக்குத் தெரியும். பன்னிரண்டரைக்குத் தம் போடுகிற தேக்சாவைப் பன்னிரண்டுக்கு முன்னமே இறக்கிவிடலாம். இல்லாவிட்டால் தொழுது வந்தபிறகு ஏற்றலாம். வாடிக்கைக்காரர் கால் மணி நேரம் காத்திருப்பார். அடுப்புத் திருகை மூடி, பின்கட்டுக்குப் போய்த் தோம்பின் வாயையும் வலப்பக்கமாகத் திருகி மூடிவிட்டு, அதன்பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், குத்பா தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.